கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம்: அயினிச்சக்கை, அக்கானி, சக்கையப்பம் எங்கே கிடைக்கும்?

திருவட்டாற்றுப் பேரன் எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவின் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் வீடு. பள்ளிக்கூடம் அடைத்ததும் ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறோம். மே பாதி வரை அங்கேதான் இருப்போம்.

பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. இருவருக்கும் பழம் என்றால் ஆப்பிளும் விதையில்லாத திராட்சையும்தான். கோடைத் தின்பண்டம் என்றால் கடையில் குளிர்பெட்டிக்குள் இருப்பது. அயினிச்சக்கை, அதாவது பலா இனத்துச் சின்ன முள்பழம், என்று சொன்னால் பெரியவள் என் முகத்தைப் பார்க்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், கண்ணால் கண்டிருந்தால்தானே தெரியும்?

ஆச்சி இருந்தவரை எல்லாம் வீட்டுக்கே வந்துவிடும். இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுப்படியில் வெகுநேரம் நிற்க முடியாது. விளையில் (தோட்டத்தில்) நின்ற சக்கை (பலா) மரத்தை வெட்டிவிட்டு ரப்பர் வைத்து வருடங்கள் ஆகின்றன. ஆகவே கேட்கிறேன்: அயினிச்சக்கை இப்போது எங்கே கிடைக்கும்? சுத்தமான அக்கானி (பதநீர்) குடிக்க எந்தப் பக்கம் போகவேண்டும்? சக்கையப்பத்துக்கு அளவு சொல்லித் தருவீர்களா? அம்மா கைக்கணக்கில் செய்வார், கேட்டால் "பார்த்துப் போடு" என்பார்.

வேளிமலை எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. ஏப்ரல் கடைசி என்றால் அயினி பழுக்கத் தொடங்கியிருக்கும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிக்கும் வரைதான் காலம். ஜூன் தொடக்கத்தில் மழை இறங்கிவிட்டால் சக்கையும் சவசவத்துப்போகும், அயினியும் சொதசொதத்துவிடும்.

ஆனால் ஒன்று. அயினிச்சக்கையைக் கடையில் தேடாதீர்கள். காலையில் பறித்த பழம் மாலைக்குள் குழைந்துவிடும், அதை யார் வாங்கி அடுக்கி வைப்பார்கள்? மரமும் லேசுப்பட்டதல்ல. தென்னையைவிட உயரமாக, கீழ்க்கிளை இல்லாமல் நேராகப் போகும். அந்தக் காலத்தில் அதை வளர்த்தது தடிக்காகத்தான்: வீட்டு நிலை, கதவு, கடலோரத்தில் வள்ளம். பழம் பிள்ளைகளுக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும் என்று விட்டுவிடுவார்கள். மரம் ஏற ஆள் இருந்தவரை பிள்ளைகளுக்குக் கிடைத்தது. இப்போது ஏறுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம். மரம் இன்னும் நிற்கிறது. பழமும் காய்க்கிறது. விழுந்து சிதறி ஈ மொய்க்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். வேர்க்கிளம்பி, முளகுமூடு, மணலிக்கரை பக்கம் உள்ளே போய் ஒரு டீக்கடையில் உட்காருங்கள். யார் விளையில் அயினி நிற்கிறது, யார் ஏறுவார் என்று கேளுங்கள். ஏறுகிறவருக்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள், மரத்துக்காரருக்குப் பழத்தில் பங்கு கொடுங்கள். பழத்தைக் கீழே போடாமல் தோட்டியில் (கொக்கிக் கம்பில்) வலை கட்டிப் பறித்துக் கயிற்றில் இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மரத்தடியில் தின்றால்தான் அயினியின் ருசி தெரியும்.

வடசேரிக்காரன் எழுதியது:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் கடையில் கிடைக்கவே கிடைக்காது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சீசனில் வடசேரி கனகமூலம் சந்தையில் காலை நேரம் ஒன்றிரண்டு அம்மாமார் கடவத்தில் (ஓலைக்கூடையில்) கொண்டுவந்து வைக்கிறார்கள். மார்த்தாண்டம் சந்தையிலும் பார்த்திருக்கிறேன். விடிந்ததும் போகவேண்டும். வெயில் ஏறிவிட்டால் கடவம் காலி.

அயினியையே நினைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். செங்கவருக்கை மாம்பழம் அப்போதுதான் வரும். வெட்டினால் சதை செம்மஞ்சளாக இருக்கும், நார் குறைவு, தோல் கொஞ்சம் தடிப்பு. சேலம், கிருஷ்ணகிரியிலிருந்து வரும் மாம்பழம் தின்று பழகிய பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கும். வாங்கும்போது தெரிந்த ஆளிடம் வாங்குங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த மட்டுமே அனுமதி. ஆனாலும் சீசன் தொடக்கத்தில் மேல்தோல் ஒரே நிறமாகப் பழுத்து, உள்ளே காயாக இருக்கும் பழம் சந்தையில் தலைகாட்டத்தான் செய்கிறது. காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள், மணம் இல்லையென்றால் கூடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் மட்டிப்பழம், நம்மூர்ச் சிறு வாழைப்பழம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு வெளியூர்க்காரர்களும் பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள். நம்மூரில் பல் முளைக்காத பிள்ளைக்கு முதலில் ஊட்டும் பழம் அதுதான். விரல் நீளம்தான் இருக்கும், ஒரு குலையை அடுக்களையில் தொங்கவிட்டால் வாசலில் நிற்கிறவருக்கும் மணம் தெரியும். சின்னவனுக்குக் கட்டாயம் கொடுங்கள்.

வெயில் நேரத்தில் நாகர்கோவில் பக்கம் வந்தால் பழ சர்பத் வாங்கிக் கொடுங்கள். பாளையங்கோட்டான் வாழைப்பழத்தைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு மரக்கட்டையால் மசித்து, எலுமிச்சை பிழிந்து, நன்னாரிப் பாகு ஊற்றி, ஐஸ் போட்டுத் தண்ணீரோ சோடாவோ விட்டு ஆற்றித் தருவார்கள். பழத்துண்டுகள் அங்கங்கே வாயில் தட்டுப்படவேண்டும். மிக்சியில் அடித்துத் தரும் கடையாக இருந்தால் வேண்டாம்.

பனையடி எழுதியது:

அக்கானி பற்றி நான் சொல்கிறேன். எங்கள் அப்பா பனையேறி, ஈத்தாமொழிப் பக்கம். எங்கள் சித்தப்பா இன்றும் ஏறுகிறார்.

திருவட்டாறு ரப்பர்ப் பக்கம், அங்கே பனை குறைவு. ராஜாக்கமங்கலம், ஈத்தாமொழி, மணவாளக்குறிச்சி என்று கடற்கரையை ஒட்டிய தேரி (செம்மணல்) நிலத்துக்கு வாருங்கள். காலை ஏழு, ஏழரைக்குள் வரவேண்டும். மதியம் சாலையோரத்தில் பிளாஸ்டிக் கேனில் வைத்து விற்பது காலையில் இறக்கியதாகவே இருந்தாலும் அதன் குணம் போயிருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாளை என்ற பனம்பூக்குலையைக் கடிப்பு என்ற இடுக்கியால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியைப் பாளை அரிவாளால் தாள் கனத்துக்குச் சீவி, கலயத்தைக் கட்டுவார்கள். காலையிலும் மாலையிலும் ஏறிச் சீவவேண்டும், ஒரு நேரம் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளிக்காமல் அக்கானியாக இறங்குகிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பேறும், கூடினால் நாக்கில் காரும். அந்த அளவு ஏறுகிறவரின் கைப்பழக்கம். வெயில் கடுமையாக இருக்கும் நாளில் சித்தப்பா இன்னொரு தடவல் கூட்டித் தடவுவார்.

ஓலைப்பட்டையில் ஊற்றி, இரண்டு நுங்கைத் தோண்டிப் போட்டுக் கொடுப்போம். புளிப்பு பிடிக்குமென்றால் ஒரு கீற்று மாங்காயும் அதில் போடலாம். தண்ணீரில் நனைந்த ஓலையின் மணத்தோடு குடிக்கவேண்டும். எவர்சில்வர் தம்ளரில் கேட்காதீர்கள்.

பூதப்பாண்டி மருமகள் எழுதியது:

பனையடி அண்ணன், இரண்டு சந்தேகம். போன வருடம் சாலையோரத்தில் நுங்கு விலை கேட்டுத் திகைத்துப்போனேன். நம்மூர் மரத்தில் காய்ப்பதற்கு ஏன் இவ்வளவு விலை? இரண்டாவது, மாமாவுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. அக்கானி இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பனையடி எழுதியது:

சகோதரி, இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். அக்கானியில் இனிப்பது சர்க்கரைதான், காய்ச்சினால் கருப்பட்டி ஆகிறதே. மரத்திலிருந்து வந்தது என்பதால் உடம்புக்குள் வேறு மாதிரி வேலை செய்யாது. மருத்துவரைக் கேட்காமல் ஒரு பட்டைகூட வேண்டாம். இளநுங்கு சிறிதளவு தின்னலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனையில் ஏறுவது காலில் மாட்டும் தளைநாரையும் தன் நெஞ்சையும் நம்பி ஏறுவது. எங்கள் அப்பாவின் மார்பில் காய்த்துப்போன தோல் சாகும்வரை மாறவில்லை. நுங்கு வெட்டுகிறவர் குலையை அப்படியே தள்ளிவிட்டால் நுங்கு அடிபட்டுக் கலங்கிப்போகும், அதனால் கயிற்றில் கட்டி இறக்குகிறார். பிறகு ஒவ்வொன்றாகச் சீவி, கண் திறந்து, உடையாமல் எடுத்துக் கொடுக்கிறார். பெண்பனையில்தான் நுங்கு. அந்தப் பாளையில் அக்கானி சீவினால் நுங்கு கிடையாது, நுங்குக்கு விட்டால் அக்கானி கிடையாது. இரண்டில் ஒன்றைத்தான் மரம் தரும். மாம்பழ ஜூஸ் பாட்டிலுக்குப் பேரம் பேசாத நாம் நுங்கு வெட்டுகிறவரிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். என் தலைமுறையில் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஏறவில்லை, நான் உட்பட. சித்தப்பாவுக்குப் பிறகு அந்தப் பனைகள் சும்மாதான் நிற்கும். குடிக்க வருகிறவர்கள் மனமறிந்து கொடுத்தால் இன்னும் நாலு வருடம் ஏறுவார்.

பூதப்பாண்டி மருமகள் எழுதியது:

புரிந்தது அண்ணன். அடுத்த முறை பேரம் பேச மாட்டேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கினாலும் கேட்டுக்கொண்டார்.

கருங்கல் சமையல்கட்டு எழுதியது:

பேரன் தம்பி, சக்கையப்பத்துக்கு நான் சொல்கிறேன். இது கருங்கல் பக்கத்து முறை, திருவட்டாற்றில் கொஞ்சம் மாற்றிச் செய்வார்கள், அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பழுத்த சக்கை வேண்டும். கூழஞ்சக்கையாக (சுளை குழைவாக இருக்கும் வகை) இருந்தால் நல்லது. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பிரியுங்கள், இல்லையென்றால் பால் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. சுளையைப் பிசைந்து கண்ணறையில் (சல்லடையில்) தேய்த்தால் நார் மேலே நிற்கும், கூழ் கீழே இறங்கும். இரண்டு கப் கூழுக்கு ஒரு கப் பொடித்த கருப்பட்டி, ஒரு கப் தேங்காய்த் துருவல், நாலு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு, அரை ஸ்பூன் சீரகம். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் உருக்கி வடிகட்டிச் சேர்க்கவேண்டும், அதில் மண் இருக்கும். வறுத்த பச்சரிசி மாவை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசையுங்கள். கூழின் தண்ணீரைப் பொறுத்து ஒன்றரைக் கப்போ இரண்டு கப்போ பிடிக்கும். அம்மா "பார்த்துப் போடு" என்பது இந்த இடத்துக்குத்தான். மாவு கையை விட்டுப் பிரிந்தும் பிரியாமலும் இருக்கவேண்டும். கெட்டியாகப் பிசைந்தால் அப்பம் ஆறியதும் இறுகிவிடும்.

வயண இலையை (இலவங்கப்பட்டை இனத்து மரத்தின் மணமுள்ள இலை) கூம்பாகச் சுருட்டி, உள்ளே மாவை நிரப்பி, மேல் ஓரத்தை மடக்கி ஈர்க்கிலால் குத்துங்கள். ஆவியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். பாதி வேகும்போதே வயண மணம் வீட்டைச் சுற்றிவரும். இலை நிறம் மாறிச் செம்பழுப்பாகும், அப்போது இறக்குங்கள். வாழையிலையில் செய்தாலும் வேகும், தின்னலாம். ஆனால் சக்கையப்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

அக்கா சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. கூழஞ்சக்கை எதற்கு? வருக்கையை (சுளை கெட்டியான வகையை) மிக்சியில் அடித்துப் போட்டால் நார்த் தொல்லையே இல்லையே. எங்கள் வீட்டில் வருக்கைதான். அப்பத்துக்கு உருவம் நிற்கிறது, பிள்ளைகளும் விரும்பித் தின்கிறார்கள்.

கருங்கல் சமையல்கட்டு எழுதியது:

தம்பி, வருக்கையைச் சுளையாகவே தின்னுங்கள். கடித்தால் நறுக்கென்று இருக்கிற பழத்தைக் கூழாக்கிப் பாழாக்க எனக்கு மனம் வராது. கூழனுக்கு இருக்கிற தேன் போன்ற இனிப்பும் மணமும் வேகவைத்த பிறகும் நிற்கும். வருக்கையின் மணம் ஆவியில் பாதி போய்விடும், கருப்பட்டிதான் முன்னால் நிற்கும். இரண்டையும் ஒரே நாளில் அவித்துப் பாருங்கள், வித்தியாசம் உங்கள் வாய்க்கே தெரியும். மரத்தில் கூழன் பழுத்துக் கிடந்தால் ஆளே எடுப்பதில்லை, அதனால்தான் சொல்கிறேன். எங்கள் விளையில் கூழன் விழுந்தால் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிடுவேன். வருகிறவர்கள் சுளையைக் கொண்டுபோகட்டும், கொட்டையை மட்டும் திருப்பித் தரவேண்டும். சக்கைக்கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி மணலில் புதைத்து வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும். மாங்காயும் முருங்கைக்காயும் போட்டு ஒரு குழம்பு வைத்தால் வேறு கறி வேண்டாம்.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

சரி அக்கா, இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டும் அவிக்கிறோம். பேரன் அண்ணனுக்கு ஒரு தகவல்: வயண இலை கடையில் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள், குலசேகரம் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் மரம் நிற்கிறது. கேட்டால் ஒடித்துத் தருவார்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு இதே இலையில் தெரளிக் கொழுக்கட்டை அவிக்கிறவர்களிடமும் விசாரிக்கலாம், இலை எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்னாசியும் மறந்துவிடாதீர்கள். ரப்பர் கன்று சின்னதாக இருக்கும் முதல் சில வருடங்களுக்கு இடைவெளியில் அன்னாசி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தோட்டத்திலேயே பழுத்ததை அறுத்து வாங்குங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறதே, 1966இல் கட்டியது, 115 அடி உயரம். பிள்ளைகளை அதில் நடக்கவிட்டுவிட்டு, கீழே இறங்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய அன்னாசி வாங்கிக் கொடுங்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் இப்போது கேட்காதீர்கள், அவற்றுக்கு மழை தொடங்கவேண்டும்.

அருமனை ஆசிரியர் எழுதியது:

பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. அயினிப்பழம் வௌவாலுக்கு மிகவும் பிடித்தது. மரத்தடியில் கிடக்கும் பழத்தில் கடிபட்ட தடம் இருந்தால் தொடவிடாதீர்கள். 2018இல் கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் வௌவால் வழியாகப் பரவும் நிபா வைரஸ் வந்தபோது இங்கேயும் எல்லோரும் கவனமாக இருந்தோம், பிறகு மெல்ல மறந்துவிட்டோம். பறித்து இறக்கிய முழுப் பழத்தைக் கழுவித் தின்றால் பயப்பட ஒன்றுமில்லை.

கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழத்தை) ஒருவரும் சொல்லவில்லையே! ஏப்ரலில் கொல்லாமாவு இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும். அண்டிப்பருப்புக்கு உலகம் முழுவதும் மதிப்பு, பழத்தை மட்டும் மண்ணில் போடுகிறோம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிற பழம் அது. தொண்டையைப் பிடிப்பதற்குக் காரணம் அதிலுள்ள துவர்ப்புச் சத்து. துண்டு போட்டு உப்பு தூவிச் சற்று நேரம் வைத்துத் தின்னுங்கள். சாறாகக் குடிப்பதென்றால் பிழிந்த சாற்றில் ஆறிய கஞ்சித் தண்ணீரைக் கலந்து அசையாமல் வையுங்கள். துவர்ப்பு திரிந்து கீழே படியும், மேலே தெளிந்ததை இறுத்து, சீனி சேர்த்துக் குடிக்கலாம். பிள்ளைகளுக்குப் பழைய சட்டை போட்டுவிடுங்கள், கறை போகாது. பச்சை அண்டியை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், தோட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும்.

திருவட்டாற்றுப் பேரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். கூழன்தான் வேண்டும் என்று கருங்கல் அக்கா பக்கம் நின்றுவிட்டார்.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும். திரும்பும்போது இரவு ரயிலில் கொண்டுபோகிற மாதிரி என்ன செய்யலாம்? கருப்பட்டியும் வாங்க நினைக்கிறேன், ஆனால் கோவையில் வாங்குவது கலப்படமாக இருக்கிறது.

கருங்கல் சமையல்கட்டு எழுதியது:

முந்திரிக்கொத்து செய்யுங்கள். சிறுபயற்றை மணம் வரும்வரை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய், சுக்கு சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் பிசைந்து, சூடு ஆறுமுன் உருட்டவேண்டும். ஆறினால் உதிரும். இரண்டு மூன்று உருண்டையைச் சேர்த்து, மஞ்சள்தூள் கலந்த அரிசிமாவில் முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுங்கள். பாகுப் பதம் சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் கெடாது. அம்மா உட்கார்ந்தபடி உருட்டலாம், அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கை வற்றலும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) வற்றலும் கடையில் கண் முன்னால் தேங்காய் எண்ணெயில் போடுகிற இடமாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் எதுவென்று தயங்காமல் கேளுங்கள். பாமாயிலில் போட்டது மறுநாளே வாயில் ஒட்டும்.

பனையடி எழுதியது:

கருப்பட்டிக்கு ஒரு கணக்கு. ஏறத்தாழ எட்டு லிட்டர் அக்கானி காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. ஓலையும் விறகும் ஆள்கூலியும் அதற்கு மேல். இதைத் தெரிந்துகொண்டால் மிக மலிவாகக் கிடைப்பதில் என்ன இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனி கலந்தது உடைத்தால் உள்ளே பரல் மின்னும். நல்ல கருப்பட்டி மங்கலாக இருக்கும். அக்கானி குடிக்க வரும்போது காய்ச்சுகிற இடத்திலேயே சொல்லி வையுங்கள். சிரட்டையில் ஊற்றி ஆறவைத்து, ஓலைப்பெட்டியில் அடுக்கித் தருவார்கள்.

திருவட்டாற்றுப் பேரன் எழுதியது:

மே நடுவில் எழுதுகிறேன். நாளை இரவு ரயில்.

வேர்க்கிளம்பிப் பக்கம் டீக்கடையில் விசாரித்து ஒரு விளைக்குப் போனோம். ஏறியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு சாக்கு நிறைய இறக்கிக் கொடுத்தார். பெரியவள் முதலில் முள்ளைப் பார்த்துப் பின்வாங்கினாள். மரத்துக்காரர் வீட்டு அம்மா பழத்தைக் கையில் வாங்கி, காம்படியில் பெருவிரலை ஊன்றி மேல்தோலைச் சுற்றிலும் உரித்தார். உள்ளே நடுத்தண்டைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னச் சுளைகள். ஒவ்வொன்றிலும் வழுவழுப்பான ஒரு கொட்டை. தின்னத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. துப்பிய கொட்டைகளை அந்த அம்மா சேர்த்து வைத்து, கழுவி, சட்டியில் வறுத்துக் கொடுத்தார், நிலக்கடலை மாதிரி. மரத்தடியில் காய்ந்து கிடந்த திரிகளையும் (திரிபோல் நீண்ட அயினிப் பூக்களையும்) கொஞ்சம் பொறுக்கி வந்தோம். மாலையில் கொளுத்தி வைத்தால் கொசு அண்டுவதில்லை என்றார்.

சின்னவனுக்கு அயினி பிடிக்கவில்லை, வாயில் வைத்ததும் துப்பிவிட்டான். மட்டிப்பழமும் அக்கானிக்குள் கிடந்த நுங்கும்தான் அவனுக்கு. கருங்கல் அக்கா அளவில் சக்கையப்பம் அவித்தோம். அம்மா ஒன்று தின்றுவிட்டு, சுக்கு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றார்.

வறுக்காமல் ஒரு கைப்பிடி அயினிக்கொட்டை வைத்திருக்கிறேன். கோவை வீட்டில் இடம் இருக்கிறது. நடலாமா?

வேளிமலை எழுதியது:

கோவையில் நடாதீர்கள் தம்பி. அயினிக்கு மழையும் ஈரக்காற்றும் வேண்டும், மேற்கு மலையின் இந்தப் பக்கத்து மரம் அது. கோவை வெயிலில் முளைத்தாலும் திணறும். திருவட்டாற்றிலேயே ஊன்றிவிட்டுப் போங்கள். கொட்டையைக் காயவிடக் கூடாது, காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். இன்றே ஊன்றுங்கள்.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

ரப்பர் நிழலுக்குள் வைக்காதீர்கள் அண்ணே, வரப்போரமாக வெளிச்சம் விழும் இடம் பாருங்கள். பையில் முளைக்கவிட்டுப் பிறகு நடுவது இன்னும் பாதுகாப்பு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இளங்கன்று என்றால் உயிர்.

திருவட்டாற்றுப் பேரன் எழுதியது:

வரப்போரம் என்றால் பக்கத்து விளைக்காரர் நிழல் விழுகிறது என்று சொல்ல மாட்டாரா? அம்மா அதற்குத்தான் தயங்குகிறார்.

வேளிமலை எழுதியது:

சொல்லத்தான் செய்வார். முன்கூட்டியே போய்ப் பேசிவிடுங்கள். எல்லையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள், வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தூரமாக. அது பெரிய மரமாகும், வேரும் ஓடும். பையில் போடுவதானால் மேல்மண்ணும் மணலும் சாணிப்பொடியும் சமமாகக் கலந்து, ஒரு பைக்கு இரண்டு கொட்டை. மழை பிடிக்கும் வரை காலையில் மட்டும் தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்கள், அதனால் பைகளைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.